ஓய்வுக்காகக் காத்திருக்கும் எழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

படைப்பிலக்கியம் குறித்துத் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த வாசகர் கடிதங்களில் ஒரே ஏக்கம் திரும்பத் திரும்ப ஒலித்தது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு, கடன் அடைந்த பிறகு, பணி ஓய்வு பெற்ற பிறகு எழுதலாம் என்று பலர் காத்திருக்கிறார்கள். அலுவலகத்திலிருந்து களைத்துத் திரும்பி, வீட்டு வேலைகளையும் முடித்துவிட்டு நோட்டைத் திறக்கும்போது கண் செருகுவது எனக்கும் தெரிந்ததுதான். ஆயினும், ஓய்வு கிடைத்தால்தான் எழுத்து வரும் என்ற நம்பிக்கை, எழுதக்கூடிய பலரைக் கடைசிவரை எழுதவிடாமலேயே செய்துவிடுகிறது என்பதால், அதை மறுத்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி டிரோலப் 1834 முதல் 1867 வரை அஞ்சல் துறையில் முழுநேர ஊழியராக இருந்தார். பணி நிமித்தம் ஓயாமல் ரயிலில் செல்ல வேண்டியிருந்ததால், மடியில் ஒரு சிறு எழுதுபலகையை வைத்துக்கொண்டு ஓடும் ரயிலிலேயே பென்சிலால் எழுதினார். பணியை விட்ட பிறகு எழுதியவற்றையும் சேர்த்து, வாழ்நாளில் 47 நாவல்கள் எழுதி முடித்தார். அந்தப் பென்சில் பிரதிகளைப் படியெடுத்துத் தந்தவர் அவருடைய மனைவி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனெனில் ஒருவருக்கு எழுத நேரம் கிடைக்கும் வீட்டில் அந்த நேரத்திற்கான உழைப்பை வேறு யாரோ சுமக்கிறார்கள். அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் ஒரு மருத்துவர். ஒரு நோயாளிக்கும் அடுத்த நோயாளிக்கும் இடையில், மருந்துச் சீட்டுகளிலேயே கவிதை வரிகளைக் குறித்துவைத்தார். இவர்களுக்காவது எழுதத் தடை இல்லை. நம் கவிஞர் சல்மா, திருமணத்திற்குப் பின் வீட்டார் கண்ணில் படாமல் குளியலறையில் ஒளிந்து எழுதியவர். நேரமும் இடமும் அனுமதியும் மறுக்கப்பட்ட நிலையில் பிறந்த அக்கவிதைகளைப் படித்தவர்கள், சூழல் சரியில்லை என்ற சமாதானத்தை அவ்வளவு எளிதில் சொல்ல மாட்டார்கள்.

எழுத்து என்று நாம் பொதுவாகச் சொல்வதில் உண்மையில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கண்ணில் பட்டதையும் காதில் விழுந்ததையும் நழுவவிடாமல் குறித்துவைப்பது ஒன்று. அதை வைத்து உட்கார்ந்து வாக்கியமாக, காட்சியாக, கதையாக ஆக்குவது மற்றொன்று. முதல் வேலைக்குத் தனி நேரமே தேவையில்லை. எங்கே இருக்கிறோமோ அங்கேயே அது நடக்கும், சொல்லப்போனால் அறைக்குள் தனித்திருப்பவரைவிட வரிசையில் நிற்பவருக்கே அதற்கு வாய்ப்பு அதிகம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் மேசை முன் வெறுங்கையோடு உட்கார்ந்து, ஒன்றும் வரவில்லையே என்று சோர்ந்து எழுகிறோம்.

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் ஒன்றில் என் எதிரே அமர்ந்திருந்த ஒரு பெரியவர், பணம் கட்டிய ரசீதை இரண்டாக, நான்காக, எட்டாக, இனி மடிக்கவே முடியாத அளவுக்கு மடித்தார். பிறகு பிரித்து, முழங்காலில் வைத்துக் கட்டை விரலால் நீவினார். உள்ளிருந்து யாரோ அழைத்ததும் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போனார். அவ்வளவையும் அங்கேயே மூன்று வரிகளில் குறித்தேன். “பதற்றமாக இருந்தார்” என்று எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு எனக்கு ஒன்றுக்கும் உதவியிருக்காது. விரல்கள் செய்ததை எழுதியதால், வெகுநாள் கழித்து ஒரு சிறுகதையில் தந்தை பாத்திரம் பிடிபடாமல் நின்றபோது அந்த ரசீதுதான் கை கொடுத்தது. குறிப்பெடுக்கத் தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் முடிவை எழுதாதீர்கள், கண்டதை எழுதுங்கள். கைபேசியில் குரலைப் பதிந்துவைப்பது எளிது என்பார்கள்; பதிந்ததைத் திரும்பக் கேட்பவர்கள் குறைவு என்பதால் நான் காகிதத்தையே நம்புகிறேன்.

காகிதமும் இல்லாதபோது நினைவு இருக்கிறது. நம் செய்யுள் மரபில் எதுகையும் மோனையும் காதுக்கு இனிமை சேர்ப்பதோடு, ஏடும் எழுத்தாணியும் அருகில் இல்லாத வேளையில் அடுத்த அடியை நினைவுக்கு இழுத்து வரும் கொக்கிகளாகவும் இருந்தன. உரைநடை எழுதுபவர்களும் நடக்கும்போதோ பாத்திரம் தேய்க்கும்போதோ ஒரே ஒரு வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் திருத்திப் பார்க்கலாம். வாய்விட்டுச் சொல்ல முடியாத வாக்கியம் பெரும்பாலும் எழுத்திலும் நிற்பதில்லை.

இரண்டாவது வேலைக்கு மட்டும் உட்கார வேண்டும். அது கால் மணி நேரமாக இருந்தாலும் தினமும் ஒரே வேளையாக இருப்பது நல்லது. எழுந்திருக்கும்போது, அடுத்து வரவேண்டிய வாக்கியத்தின் முதல் இரண்டு சொற்களை எழுதிவிட்டு எழுந்தால், மறுநாள் தொடக்கத்திலேயே பாதி நேரம் வீணாவதைத் தவிர்க்கலாம். நாளுக்கு 150 சொற்கள், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஆண்டில் 39,000 சொற்கள் சேரும். ஒரு குறுநாவலுக்கு அது போதும்.

எல்லாவற்றையும் துண்டு நேரத்தில் முடித்துவிடலாம் என்று நான் வாதிடவில்லை. காப்பீட்டு நிறுவன ஊழியராக இருந்த ஜெர்மன் மொழி எழுத்தாளர் காஃப்கா, 1912 செப்டம்பர் 22 இரவு தொடங்கி விடியும்வரை ஒரே அமர்வில் ஒரு கதையை எழுதி முடித்தார். சில படைப்புகள் அப்படித்தான் வரும். நீண்ட நாவலைத் திருத்துவதற்கும் இடையறாத பொழுது வேண்டும். அத்தகைய பொழுதைக் குடும்பத்தினர் மனமுவந்து ஒதுக்கித் தர வேண்டும். குறிப்பாக எழுதும் பெண்களுக்கு, அவர்கள் கேட்காமலேயே தர வேண்டும்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பல்வேறு பணிகளில் இருப்பவர்கள் தங்கள் பணியிடத்திலும் பயணத்திலும் கண்டதை எழுதும் 200 சொற்களுக்குட்பட்ட புனைவுகளுக்கு, வாரம் ஒருமுறை கால் பக்கம் ஒதுக்க இயலுமா? போட்டியும் பரிசும் வேண்டாம். தேர்வு கண்டிப்பாகவே இருக்கட்டும். ஏற்க இயலாத படைப்புகளுக்கு ஒரு வரியில் காரணம் சொல்லி அனுப்பினால், அடுத்ததை எழுத அதுவே பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்