பத்து மீட்டர் இழையும் கடிகாரமும்

ஆசிரியருக்கு வணக்கம். தரவு மையங்களின் மின்சாரத் தேவை பற்றி அடிக்கடி எழுதுகிறீர்கள். அங்குள்ள கடிகாரங்களைப் பற்றியும் எழுதுங்கள். ஒளியிழை வலையமைப்பைப் பராமரிப்பவன் என்பதால் கேட்கிறேன்.

கணினிகளுக்கிடையே தகவலைத் திருப்பிவிடும் கருவிதான் சுவிட்ச். சாதாரண சுவிட்ச், வரும் தகவலைக் கொஞ்சம் நிறுத்திவைத்து அனுப்பும். ஒளியை அப்படி நிறுத்திவைக்க வழியில்லை. ஒளியை நேரடியாகத் திருப்பிவிடும் ஒளி சுவிட்ச் பாதை திறக்கும் அந்தச் சிறு நேரத்துக்குள் தகவல் வந்தாக வேண்டும், இல்லையென்றால் தொலைந்தது. அதனால் எல்லாக் கடிகாரங்களும் நானோ நொடிக் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில் ஒத்துப்போக வேண்டும். 2002இல் தரமாக வந்த பிடிபி (PTP) என்ற கடிகாரங்களை ஒத்துப்போகச் செய்யும் முறை, செய்தி போய்வரும் நேரத்தை அளந்து பாதியாக்கிக்கொள்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே நீளம் என்ற நம்பிக்கைதான் அதற்கு அடிப்படை.

ஓர் இரவு பழுதான இழையை மாற்றினேன். போக ஒன்று, வர ஒன்று என்ற இழை இணையில் ஒன்று மட்டும் 10 மீட்டர் நீண்டுவிட்டது. இழையில் ஒளி ஒரு மீட்டரைக் கடக்க சுமார் 5 நானோ நொடி ஆகும். அந்த 50 நானோ நொடி வித்தியாசத்தையும் பிடிபி பாதியாக்கியதால் கடிகாரம் 25 நானோ நொடி தள்ளிப்போனது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. விடியும்வரை மென்பொருளில் தேடினோம். அப்புறம்தான் கேபிளை அளந்தேன்.

எனக்குத் தந்த பயிற்சியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இழை இணைக்க வரும் இளைஞர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தர வேண்டும்.

– ஒரு வலையமைப்புப் பராமரிப்பாளர்