கண்ணகி துணைப் பாத்திரமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் சிலப்பதிகாரத்துக்கு ஒரு மாதிரி விடை வந்தது. 'கோவலனே இக்காப்பியத்தின் கதாநாயகன். கண்ணகி பொறுமையே வடிவான துணைப் பாத்திரம்' என்று அதில் இருந்தது. வாசித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்திருப்பேன். எழுபது தாண்டிய பிறகு எல்லாவற்றோடும் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் என் பேத்தியின் ரியூசன் ஆசிரியர் அந்தப் பக்கத்தை வெட்டிக்கொண்டு வந்து வகுப்பில் காட்டி, அவள் எழுதிய விடைக்கு நாலு புள்ளி குறைத்துவிட்டார். அவள் கண்ணகியைத் தலைமைப் பாத்திரம் என்று எழுதியிருந்தாள். 'பேப்பரிலேயே போட்டிருக்கிறார்கள், பார்' என்றாராம். சரி, பேப்பரில் வந்துவிட்டால் பிறகு இளங்கோவடிகள் எதற்கு?

தாங்கள் அறியாதது அல்ல. கோவலன் கொலைக்களக் காதையில் வெட்டுப்படுகிறான். அது 16ஆவது காதை, அதாவது அத்தியாயம்; நூலில் மொத்தம் 30. கதாநாயகன் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சம் 14 காதைகளையும் இளங்கோ யாரை வைத்து நடத்தினார் என்று மாதிரி விடைக்காரர் ஒரு வரி எழுதியிருக்கலாம். முன்னுரையாக உள்ள பதிகத்திலே நூலுக்கு மூன்று காரணம் சொல்லியிருக்கிறது: அரசியல் பிழைத்தவருக்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் ஏத்துவர், ஊழ்வினை உருத்து வந்து ஊட்டும். இந்த மூன்றில் பத்தினி இருக்கிறாள். கோவலனைக் காணோம்.

இந்தக் கோளாறு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பெருங்காப்பியத்துக்குத் தன்னிகரில்லாத் தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் என்ற அணியிலக்கணம் சொல்கிறது. சிலம்புக்குப் பல நூற்றாண்டு பிந்தி வந்த நூல் அது. தலைவன் என்றதும் ஆண்பிள்ளையைத் தேடியிருக்கிறார்கள். கண்ணில் பட்ட முதல் ஆண்பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிட்டார்கள். புத்தகத்துக்கே அவள் காலில் கிடந்த சிலம்பின் பெயர்!

அதையாவது பொறுக்கலாம். 'பொறுமையே வடிவான' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. கனாத்திறம் உரைத்த காதையைத் தயவுசெய்து எடுத்துப் பாருங்கள். சோமகுண்டம் சூரியகுண்டத்தில் நீராடிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று அவள் தோழி தேவந்தி வழி சொல்கிறாள். கண்ணகி சொல்லும் பதில் ஒரே சொல்: 'பீடன்று'. அது நமக்குப் பெருமையில்லை. இது பொறுமைசாலியின் வாயில் வருகிற சொல்லா? அந்தச் சொல் வாயை விட்டுப் போகுமுன் கோவலன் வீட்டுக்குள் வந்துவிடுகிறான். குலத்துச் சொத்தை எல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாயிருக்கிறது என்கிறான். இவள் சிரித்த முகத்தோடு, 'சிலம்பு உள, கொண்ம்' என்கிறாள். மாதவிக்குக் கொடுக்க இன்னும் காசு வேண்டுமாக்கும் என்றுதான் நினைத்திருப்பாள். அந்தச் சிரிப்பு அன்பா, கன்னத்தில் அறைந்ததா என்று நாற்பது வருடமாக எனக்குப் பிடிபடவில்லை. பாத்திரப் படைப்பு என்றால் இதுதான் ஐயா. பிற்பாடு பாண்டியன் சபையில் 'தேரா மன்னா' என்று நிற்பவள் புதிதாக வந்தவள் அல்ல. 'பீடன்று' என்றவள்தான் அங்கேயும் நிற்கிறாள்.

போதாக்குறைக்கு, அவள் மாற்றமில்லாத 'தட்டைப் பாத்திரம்' என்றும் அந்த விடையில் ஒரு பட்டம். பாத்திரங்களைத் தட்டை, முழுமை என்று 1927இல் பிரித்துச் சொன்ன ஆங்கில நாவலாசிரியர் ஃபோர்ஸ்டர் அதை வசவாகச் சொல்லவில்லை. டிக்கன்ஸின் ஆட்கள் அநேகமாக எல்லாருமே தட்டை, இருந்தும் உயிரோடு இருக்கிறார்கள் என்று வியந்தவர் அவர். நம்பும்படியாக நம்மைத் திடுக்கிட வைக்க முடிந்தால் அது முழுமையான பாத்திரம் என்பது அவர் வைத்த சோதனை. மதுரையை எரித்தவள் இதில் சித்தியடைய மாட்டாளா?

கோவலனுக்கும் அவர்கள் நியாயம் செய்யவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். 'நற்குணங்கள் நிறைந்தவன், கொடையாளி, எனினும் ஒழுக்கத்தில் தவறியவன்' என்று அடைமொழிகளை வரிசையாக அடுக்கிவிட்டார்கள், கலியாணத் தரகர் சாதகக் குறிப்பு எழுதுவது போல. அடைக்கலக் காதையில் மாடலன் என்ற மறையவன் வந்து சொல்வதைப் பாருங்கள். யானை பிடித்த கிழப் பார்ப்பனனை மீட்டவன், கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் விட்டுப்போன பெண்ணுக்குப் பொருள் கொடுத்துக் குடும்பத்தைச் சேர்த்துவைத்தவன் இந்தக் கோவலன். யாரோ ஒருத்தியைக் கணவனோடு சேர்த்துவைத்தவன், தன் பெண்சாதியைத் தனியே விட்டுப் போனான். அடுத்த காதையில் அவன் சாகப் போகிறான். இதை இளங்கோ அதற்கு ஒரு காதை முன்னால் நமக்குச் சொல்கிறார். அதனால்தான் அந்தச் சாவு நோகிறது. இதை அடைமொழியில் அடக்க முடியுமா?

நான் மட்டக்களப்புப் பக்கம் பிறந்தவள். 1974இல் எழுதுவினைஞர் வேலைக்குக் கொழும்புக்கு வந்தேன். எங்கள் ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் கதவு திறந்தால், அம்மனைக் குளிர்விக்கும் குளுத்திச் சடங்கு வரைக்கும் படிப்பது அவள் கதைப் பாட்டான கண்ணகி வழக்குரை. 'கண்ணகி பொறுமையுரை' என்று யாரும் படித்து நான் கேட்டதில்லை. வடக்கிலே அதற்குக் கோவலனார் கதை என்றும் பெயர் உண்டே என்பீர்கள். பெயர் இருக்கட்டும், கும்பிடுவது யாரை? இங்கே கடுவலைப் பக்கம் நவகமுவவில் சிங்களச் சனம் தேங்காயும் பூவுமாகப் போய் நிற்பதும் பத்தினி தெய்வத்திடம்தான்.

எழுத உட்கார்ந்ததால் சொல்லிவிடுகிறேன். உங்கள் நூல் அறிமுகப் பகுதியில் 'பாத்திரங்கள் உயிரோட்டத்துடன் வார்க்கப்பட்டுள்ளன' என்ற வசனம் போன மாதம் மட்டும் மூன்று தடவை வந்தது. எந்தப் பாத்திரம், என்ன செய்தது என்று ஒரு தடவையும் இல்லை. கொழும்புக் கதைகள் என்று நீங்கள் போடுகிறவற்றில் மலையகத்துப் பிள்ளை ஒருத்தி தவறாமல் வருவாள். தேத்தண்ணீரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கதை முடியும் மட்டும் திரும்பி வரமாட்டாள்.

1979இல் நானும் ஒரு சிறுகதை எழுதினேன். எந்தப் பத்திரிகை என்று சொல்லப் போவதில்லை, அன்றைக்கு இருந்தவர்களும் இப்போது இல்லை. கொட்டாஞ்சேனையில் மீன் விற்கிற எங்கள் ஊர் மனுசி ஒருத்தி அதிலே, 'என்னகா, இப்பதான் வாறியா?' என்று கேட்பாள். அச்சில் பார்த்தால், 'என்ன, இப்போதுதான் வருகிறாயா?' என்று கேட்கிறாள். மீன் கூடையோடு வானொலிச் செய்தி வாசிப்பாளர்! பேச்சுத் தமிழை இழிசனர் வழக்கு என்று பழித்து 1960களின் தொடக்கத்தில் இந்த நாட்டில் மரபுப் போராட்டமே நடந்து, எழுத்தாளர்கள் டானியலும் ஜீவாவும் தங்கள் சனத்தைச் சொந்த நாக்கால் பேசவைத்துக் காட்டிய பிறகு நடந்தது இது. எங்கள் ஊர்ப் பேச்சின் அந்த 'கா'வை எடுத்தால் அவளிடம் மிச்சம் என்ன? அதற்குப் பிறகு நான் கதை எழுதவில்லை. இலக்கியத்துக்கு நட்டம் ஒன்றுமில்லை, அதுவும் தெரியும்.

நான் கேட்பது பெரிய விஷயம் அல்ல. அதே மாணவர் பக்கத்தில், அதே எழுத்தளவில், இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். மரண அறிவித்தல்களுக்குக் கீழே ஒளித்துவைக்க வேண்டாம். மாதிரி விடைகளுக்குக் கீழே எழுதுகிறவரின் பெயரையும் இனிமேல் போட்டால் நல்லது. கடிதத்தை நேரே அவருக்கே அனுப்பலாம், தங்களைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

பேத்திக்கு வகுப்பு புதன்கிழமைகளில். வருகிற ஞாயிறு போட்டால் அவள் வெட்டிக்கொண்டு போவாள்.

இப்படிக்கு,
ஓர் அம்மம்மா
கொழும்பு 13