திருப்பி எடுத்தால் எந்த மேசையில் மணி அடிக்கும்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட அலுவலகத் தலைவர்களுக்கும் நிர்வாக உத்தியோகத்தர்களுக்கும்,

ஐயா, அம்மணி,

“வெளியே எடுக்கும்போது எங்கள் பொது இலக்கம் விழவேண்டும், பிபிஎக்ஸில் மாற்றிவிடுங்கள்” என்று ஒரே வரியில் வேலையைத் தந்துவிடுகிறீர்கள். அதாவது, நீங்கள் அழைப்பவரின் திரையில் தெரியும் இலக்கத்தை, அலுவலகத்தின் உள் தொலைபேசிகளை வெளி லைன்களோடு இணைக்கும் பிபிஎக்ஸில் மாற்றச் சொல்கிறீர்கள். இணைப்பு இடங்கொடுத்தால் மாற்றுவது சிறு வேலைதான். ஆனால் எந்த இலக்கம் விழவேண்டும், அதைத் திருப்பி எடுப்பவருக்கு யார் பதில் சொல்வது என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. அது உங்கள் கையொப்பத்தோடு வரவேண்டிய முடிவு.

முதலில் இணைப்பு எந்த வகை என்று பாருங்கள். சாதாரண செம்புக்கம்பி லைன்களைப் பிபிஎக்ஸில் செருகியிருந்தால், இலக்கத்தை அனுப்புவது தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச். எந்த லைனால் அழைப்புப் போகிறதோ அதன் இலக்கமே விழும். பிபிஎக்ஸில் எதைத் தட்டினாலும் மாறாது. லைன் பிடிக்கும் வரிசையை மாற்றி, தொலைநகல் லைனை அதிலிருந்து எடுத்துவிடலாம், அவ்வளவுதான். அதைச் செய்யாவிட்டால் திருப்பி எடுப்பவரின் காதில் கீச்சொலிதான் விழும். சிம் போட்டுக் கைத்தொலைபேசி வலையமைப்பால் அழைக்கும் ஜிஎஸ்எம் கேட்வே என்றால் அந்தச் சிம்மின் இலக்கம் விழும்.

பல அழைப்புகளை ஒரே டிஜிட்டல் லைனில் கொண்டுபோகும் பிஆர்ஐ, இணையவழியில் கொண்டுபோகும் சிப் ட்ரங்க் இரண்டிலும் இலக்கத்தைப் பிபிஎக்ஸே அனுப்பும். ஆனால் அது உங்களுக்கு ஒதுக்கிய இலக்கத் தொடருக்குள் இருக்கிறதா என்று நிறுவனம் பார்க்கும். இல்லாவிட்டால் அந்த இணைப்பின் முதன்மை இலக்கத்தைப் போட்டுவிடும், அல்லது அழைப்பையே வெட்டிவிடும். மட்டக்களப்புத் தலைமையகத்தின் ஒரே ட்ரங்கால் பேசும் கல்முனைக் கிளைக்கு 067 இலக்கம் விழவேண்டுமென்றால், அந்த இலக்கத்தை அந்த ட்ரங்குக்கு நிறுவனம் அனுமதித்திருக்க வேண்டும். கடிதத் தலைப்பில் எழுதிக் கேளுங்கள். இலக்கத்தை எந்த வடிவில் அனுப்புவது என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

வடிவம்தான் நம் பக்கத்தில் அதிகம் பிழை வரும் இடம். சில நிறுவனங்கள் 065 என்று தொடங்கும் பத்து இலக்க எண்ணைக் கேட்கும், சில 9465 என்று. சுழியத்தை எடுத்துவிட்டு, 94 போட மறந்து, முன்னால் + வைத்தால் +65: வாங்குபவரின் திரையில் சிங்கப்பூர்! அம்பாறையின் 063 அதே வழியில் பிலிப்பைன்ஸ் ஆகிவிடும். பிஆர்ஐயில் இலக்கத்தின் வகையை ‘நஷனல்’ என்று வைத்துவிட்டு 0ஐயும் சேர்த்து அனுப்பினால், எக்ஸ்சேஞ்ச் இன்னொரு 0 சேர்த்து 0065 ஆக்கக்கூடும், அதுவும் சிங்கப்பூர் போலவே தெரியும். மோசடி அழைப்புகளுக்குப் பயந்திருக்கும் சனம் இதை எடுக்காது. இலக்கத்தை மறைத்து ‘பிரைவேட்’ என்று அனுப்புவதும் அப்படித்தான், தயவுசெய்து கேட்காதீர்கள்.

ஃப்ரீபிபிஎக்ஸ் என்ற பிபிஎக்ஸ் மென்பொருளைப் பாவிக்கும் அலுவலகங்களில் இந்த இலக்கத்தை எக்ஸ்டென்ஷன் (மேசையின் உள் இலக்கம்), அவுட்பவுண்ட் ரூட் (வெளி அழைப்புக்கான வழி), ட்ரங்க் (நிறுவனத்துக்குப் போகும் இணைப்பு) என மூன்று இடத்தில் எழுதலாம். வழமையாக எக்ஸ்டென்ஷனில் உள்ளது முந்தும். அது வெறுமையானால் ரூட், அதுவும் வெறுமையானால் ட்ரங்க். ரூட்டில் ‘ஓவர்ரைட் எக்ஸ்டென்ஷன்’ போட்டால் ரூட் முந்தும்; ட்ரங்கில் ‘ஃபோர்ஸ் ட்ரங்க் சிஐடி’ போட்டால் எக்ஸ்டென்ஷன், ரூட் இரண்டில் எழுதியதும் எடுபடாது. எல்லோருக்கும் ஒரே பொது இலக்கம் போதுமென்றால் இந்தக் கடைசி வழியே நிம்மதி. நேரடி இலக்கம் வைத்திருக்கும் அதிகாரிகள் இருந்தால் அதைத் தொடாதீர்கள்.

மேசைக்கு வரும் அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிட்டால், பிபிஎக்ஸ் அழைத்தவரின் இலக்கத்தையே ட்ரங்கில் அனுப்பப் பார்க்கும். அது உங்கள் தொடரில் இல்லாததால் அழைப்பு விழாமலே போகலாம். “உள்ளே எல்லாம் சரி, ஃபோர்வர்ட் மட்டும் வேலை செய்யவில்லை” என்ற முறைப்பாடு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மாற்றிய பின் டயலொக், மொபிட்டல் இரண்டுக்கும் எடுத்துப் பாருங்கள். சோதிக்கும் கைத்தொலைபேசியில் அலுவலக இலக்கம் பெயரோடு சேமித்திருந்தால் அழித்துவிடுங்கள், பெயர் விழுந்தால் வடிவப் பிழை கண்ணில் படாது. இணைய இணைப்பைக் கழற்றி மாற்று லைனாலும் ஒருமுறை எடுங்கள். சிப் வேலை செய்யாத நேரத்தில் திரையில் விழும் இலக்கம் வேறாக இருக்கும்.

எங்களை அழைக்குமுன் ஒரு தாளில் ஒவ்வொரு பிரிவுக்கும் எந்த இலக்கம், திருப்பி வரும் அழைப்பு எந்த எக்ஸ்டென்ஷனுக்கு, 4.15க்குப் பிறகு எடுப்பவர் யார் என்று எழுதி வையுங்கள். காவலாளி என்றால் அவருக்கும் சொல்லிவையுங்கள்.

இப்படிக்கு,
இரு மாவட்டங்களிலும் அலுவலகத் தொலைபேசி அமைப்புகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பவியலாளர்கள்