அந்த திண்டுக்கல் தம்பிக்கு எந்த ஊர் சரிப்படும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல கேள்வி பதில் பகுதில திண்டுக்கல் பக்கத்துல இருந்து ஒரு 24 வயசு தம்பி எழுதியிருந்தாரு, தான் ஒரு கே (ஆம்பளைங்க மேலயே ஈர்ப்பு வர்ற ஆள்), வீட்ல பொண்ணு பாக்க ஆரம்பிச்சுட்டாங்க, எந்த ஊருக்குப் போனா நிம்மதியா இருக்கலாம்னு. அதுக்கு உங்க ஆலோசகர் நாலே வரில முடிச்சுட்டாரு, பெங்களூரு மும்பை மாதிரி பெருநகரத்துக்குப் போயிட்டா யாரும் கண்டுக்க மாட்டாங்க, வேலையில கவனம் வைங்கன்னு. எனக்கு 43 வயசு, திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். இந்த யாரும் கண்டுக்காத ஊர்ல எல்லாம் வாடகை குடுத்து இருந்து பாத்தவன் நான், அதனால சொல்றேன், அந்த பதில் பத்தாது.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. தலைப்புல ஓரினச்சேர்க்கைன்னு போட்டிருந்தீங்க. அந்த வார்த்தைய படிக்கும்போதே ஏதோ ராத்திரி பண்ற காரியம் மட்டும்தான் நாங்கன்னு தோணுது. 2022லயே தமிழ்நாடு அரசு சொல் அகராதி ஒண்ணு கெஜட்ல போட்டாச்சு, தன்பாலீர்ப்புன்னு நல்ல தமிழ்ல சொல்லலாம், ஹைகோர்ட்டும் பத்திரிகைகள் மரியாதையான வார்த்தைய பயன்படுத்தணும்னு சொல்லிருக்கு. சரி, விஷயத்துக்கு வரேன்.

நான் மெட்ராஸ் வந்தப்ப 22 வயசு, திருவல்லிக்கேணில மேன்ஷன், ஒரு ரூமுக்கு மூணு பேர், சாப்பாடு மெஸ்ல. அங்கிருந்து 2008ல பெங்களூரு போனேன். உண்மைய சொல்லணும்னா அந்த வயசுல பெங்களூரு சொர்க்கம் தான். 1994ல இருந்தே அங்க குட் ஆஸ் யூன்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு குழு இருக்கு, நான் அங்க போய்ச் சேந்த அதே 2008ல தான் மொத தடவையா ப்ரைடு ஊர்வலம், அதாவது நாங்க வெளிப்படையா தெருவுல இறங்கி நடக்குற ஊர்வலம், நடந்துச்சு. என்னோட இருக்கிறவர அங்க தான் பாத்தேன், அவரு சேலம். ரெண்டு பேரும் சேந்து ஒரு வீடு எடுத்தப்ப யாரும் ஒரு கேள்வி கேக்கல, ஏன்னா நம்ம ஊர்ல ரெண்டு ஆம்பளைங்க ஒரு வீட்ல இருந்தா பேச்சலர்ஸ், அவ்ளோதான், தோள்ல கை போட்டு நடந்தா கூட ஃப்ரெண்ட்ஸ்னு தான் நினைப்பாங்க. ரெண்டு பொண்ணுங்களுக்கு இந்த வசதி கிடையாது. ஆனா உங்க ஆலோசகருக்குத் தெரியாத ஒண்ணு, இந்த பேச்சலர் போர்வை ஒரு முப்பத்தி மூணு முப்பத்தி நாலு வயசு வரைக்கும் தான் தாங்கும். அதுக்கப்புறம் கீழ் வீட்டு ஆன்ட்டில இருந்து தண்ணி கேன் போடுற பையன் வரைக்கும் எப்ப சார் கல்யாணம்னு கேப்பாங்க, நாப்பத தாண்டினா கேக்க மாட்டாங்க, பாப்பாங்க. அந்த பார்வை எந்த ஊர்ல கம்மியோ அது தான் நமக்கான ஊர்னு நான் ரொம்ப நாள் நினைச்சிட்டு இருந்தேன்.

2015ல ஒரு ராத்திரி எனக்கு வயித்து வலி, அப்பெண்டிக்ஸ். ஆட்டோல ஏத்திட்டு அவர் தான் ஆஸ்பத்திரிக்கு கொண்டு போனாரு. ஆபரேஷனுக்கு கையெழுத்து போடணும், நர்ஸ் ஃபாரத்த நீட்டி பேஷண்ட்டுக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டாங்க, இவரு அண்ணன்னு சொல்லிட்டாரு. அந்தம்மா ரெண்டு பேர் ஐடி கார்டையும் வாங்கி பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தாங்க, அப்பா பேரு வேற, ஊரு வேற. சொந்த அண்ணனுக்கு போன் போடுங்கன்னுட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு எங்க அண்ணன் போன எடுத்து, இவரு பேசுனதும் கேட்ட மொத கேள்வி நீங்க யாரு. மறுநாள் மத்தியானம் அண்ணன் பஸ்ல வந்து இறங்குனதுக்கு அப்புறம் மூணு நாளும் இவரு வராண்டால பிளாஸ்டிக் சேர்ல ரூம்மேட்டா உக்காந்திருந்தாரு, பழம் வாங்கிட்டு வந்து குடுத்துட்டு போற ரூம்மேட். ஏழு வருஷம் ஒண்ணா இருந்தவரு.

இதுக்கு ஊரு என்ன பண்ணும், சட்டம் தானே பிரச்சினைன்னு கேப்பீங்க. சட்டமும் தான். 2018 செப்டம்பர் 6 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் நம்மள குத்தவாளியாக்குன 377வது சட்டப் பிரிவுல இருந்து நம்மள விடுவிச்சுது, சந்தோஷம், ஆனா 2023 அக்டோபர் 17 தீர்ப்புல கல்யாணம் பண்ணிக்கிற உரிமை இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்ப ஆஸ்பத்திரி ஃபாரத்துல அந்த கட்டத்துல எழுத இன்னமும் நமக்கு ஒரு உறவுமுறை இல்ல, அது மும்பையா இருந்தாலும் ஒண்ணு தான் மூணாந்தர டவுனா இருந்தாலும் ஒண்ணு தான். ஆனா அன்னிக்கு ராத்திரி இவரோட பேச, பக்கத்துல நிக்க, அந்த ஊர்ல எங்களப் பத்தி தெரிஞ்ச ஒரு ஆள் கூட இல்லங்கிறது எங்க தப்பு. யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு சந்தோஷப்பட்டு எட்டு வருஷம் இருந்தோம், அவசரத்துக்கும் யாரும் கண்டுக்கல. நாலு பேர் என்ன சொல்லுவாங்கன்னு பயந்து தான் ஊர விட்டு ஓடுறோம், போன இடத்துலயும் நமக்குன்னு நாலு பேர் வேணும்.

அப்புறம் வேலை மாத்தி மும்பை. அதப் பத்தி நீட்ட ஒண்ணும் இல்ல. 1994ல அசோக் ராவ் கவி ஆரம்பிச்ச ஹம்சஃபர் டிரஸ்ட்னு நம்ம ஆளுங்களுக்கான அமைப்பு இருக்கு, 2010ல இருந்து கஷிஷ்னு பெரிய படவிழா நடக்குது, மத்த ஊர்ல குசுகுசுன்னு பேசுறத அங்க லோக்கல் ட்ரெயின்ல நின்னுக்கிட்டு சத்தமாவே பேசுவாங்க. ஆனா வீடு? சொசைட்டி மீட்டிங்ல பேச்சலர்ஸ் வேண்டாம்னு தீர்மானம் போட்டு வச்சிருப்பாங்க, 11 மாச அக்ரிமெண்ட் முடிஞ்சா மறுபடி மூட்டைய கட்டணும், நாங்க ரெண்டு வருஷத்துல மூணு வீடு மாறினோம். அம்மாவுக்கு பிரஷர் ஏறி விழுந்தப்ப நான் ரயில்ல ஒன்றரை நாள் உக்காந்து வந்து சேந்தேன். அதோட போதும்னு ஆச்சு.

2019ல இருந்து மறுபடி சென்னை. எல்லாரும் சிரிச்சாங்க, போயும் போயும் அந்த ஊருக்கா, அங்க எல்லாம் பட்டிக்காட்டு மனசுடான்னு. இருக்கட்டும். இங்க 2009 ஜூன் கடைசிலயே ஊர்வலம் போயிட்டாங்க, நாம குத்தவாளி இல்லன்னு மொத தடவையா சொன்ன டெல்லி ஹைகோர்ட் தீர்ப்பு ஜூலை 2 தான் வருது (அது 2013ல ரத்தாகி, அப்புறம் தான் அந்த 2018 தீர்ப்பு), அதாவது நாம குத்தவாளியா இருக்கும்போதே பீச்ல கொடிய பிடிச்சிட்டு நடந்திருக்காங்க. சகோதரன் அமைப்பு 1998ல இருந்து இருக்கு, ஓரினம்னு ஒரு குழு இருக்கு, தமிழ்லயே பேசுறாங்க, அது எனக்கு ரொம்ப பெருசு. பெங்களூருல மீட்டிங் எல்லாம் இங்கிலீஷ்லயே ஓடும், நான் மனசுக்குள்ள மொழிபெயர்த்து முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆள் பேச ஆரம்பிச்சுடுவான்.

அப்புறம் போலீஸ். 2014ல பெங்களூருல டேட்டிங் ஆப்ல பேசி வரச்சொன்ன ஒருத்தன் கூட ரெண்டு பேர வச்சுக்கிட்டு என் போனையும் 18,000 ரூபாயையும் புடுங்கிட்டான். ஸ்டேஷனுக்கு போகல, போனா நான் தான் உள்ள இருப்பேன். இன்னிக்கு தமிழ்நாட்டுல கொஞ்சம் வேற. மதுரைல இருந்து ஒருத்தர ஒருத்தர் விரும்பின ரெண்டு பொண்ணுங்க சென்னைக்கு வந்துட்டாங்க, வீட்ல காணோம்னு புகார் குடுத்தாங்க, அந்த கேஸ்ல தான் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் எனக்கே இதப் பத்தி சரியா தெரியலன்னு ஒத்துக்கிட்டு தானே ஒரு உளவியல் நிபுணர் கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டாரு, 2021 ஜூன் 7 அன்னிக்கு உத்தரவு போட்டாரு. மாத்தி குடுக்குறேன் குணப்படுத்துறேன்னு எந்த டாக்டரும் சொல்லக்கூடாது, போலீஸ் தொல்லை பண்ணக்கூடாதுன்னு. அதுக்கப்புறம் 2022ல போலீஸ் நடத்தை விதியிலயே அத சேத்தாங்க. எல்லா ஸ்டேஷன்லயும் அந்த பேப்பர படிச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல வரல, ஆனா கைல காட்ட ஒரு பேப்பர் இருக்கு. 2025 மே மாசம் வேற ஒரு பெஞ்ச், குடும்பம்னா கல்யாணம் பண்ணா தான் குடும்பமான்னு கேட்டு, நாமளா தேர்ந்தெடுக்கிற குடும்பமும் குடும்பம் தான்னு சொல்லிருக்கு. வீட்ல இருந்து ஆள் அனுப்பி தூக்கிட்டு போயிடுவாங்களோன்னு பயப்படுற பசங்களுக்கு, எந்த மாநிலத்து எல்லைக்குள்ள இருக்கோம்ங்கிறது சாதாரண விஷயம் இல்ல.

அதுக்காக சென்னைல வீட்டுக்காரங்க தங்கம்னு நினைச்சுடாதீங்க. புரோக்கர் கூட பதினோரு வீடு பாத்தோம். ஒரு ஓனர் கூட ரெண்டு பேரும் எங்க படுப்பீங்கன்னு கேக்கல, கேட்டதெல்லாம் நீங்க என்ன ஆளுங்க, கவுச்சி சமைப்பீங்களா. கே பையனுக்கு எந்த ஊர் நல்லதுன்னு கேக்கறப்ப அவன் எந்த சாதிங்கிறதும் சேத்து தான் பதில் மாறும், இத யாரும் எழுத மாட்டேங்கிறாங்க. கடைசில கிடைச்ச வீட்ல நாங்க பெரியப்பா பையன் சித்தப்பா பையன். அதுவும் போர்வை தான், ஆனா இப்ப தெருக்கோடி மெடிக்கல் ஷாப்காரருக்கு தெரியும், ஆபீஸ்ல நாலு பேருக்கு தெரியும், ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிட வர்ற ஏழெட்டு பேருக்கு தெரியும். பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறுனா காலைல அம்மா. 2024 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் எங்கள மாதிரி ஜோடி சேந்து ஜாயிண்ட் அக்கவுண்ட் தொடங்க தடை இல்லன்னு சொன்னதும் போய் தொடங்கிட்டோம், கவுண்டர்ல இருந்த பொண்ணு உறவுமுறை கட்டத்துல பேனாவ வச்சுக்கிட்டு நிமிந்து பாத்துச்சு, நான் நண்பர்னு போடும்மான்னேன்.

அந்த தம்பிக்கு என் பதில் இது தான். ஊர கடைசியா முடிவு பண்ணுப்பா. மொதல்ல உன் ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாம் வீட்டு பீரோல இருந்து உன் கைக்கு வரட்டும், ஏதாவது சாக்கு சொல்லி எடுத்துக்க, எத்தனையோ பசங்க அதனாலேயே திரும்பிப் போயிருக்காங்க. ஆறு மாச வாடகை சேத்து வை, அதுவரைக்கும் வீட்ல எதுவும் சொல்லாத. வேலை கிடைச்சா இன்சூரன்ஸ்ல கூட இருக்கிறவர சேக்க விடுவாங்களான்னு கேளு, பெரிய ஐடி கம்பெனி பல இடத்துல விடுறாங்க. பெங்களூருல வேலைன்னா தாராளமா போ, ஆனா போன மொத மாசமே அங்க இருக்கிற நம்ம ஆளுங்கள தேடிப் பிடி, டேட்டிங்குக்கு இல்ல, உனக்கு காய்ச்சல்னா கஞ்சி கொண்டு வர்றதுக்கு. நான் அத எட்டு வருஷமா பண்ணல.

இந்த லெட்டர போட்டீங்கன்னா என் பேரையும் ஏரியாவையும் போடாதீங்க சார். எங்க ஹவுஸ் ஓனர் உங்க பேப்பர் தான் வாங்குறாரு, அதுவும் ஆசிரியருக்கு வர்ற கடிதத்த மொதல்ல படிச்சுட்டு தான் மத்த பக்கத்துக்கு போவாரு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சென்னை