அகமதாபாத்தில் இருக்கும் அம்மிணிக்கு

கோபிச்செட்டிபாளையம்,
மாசி மாதம், 2026

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு எல்லோரும் நலம். மஞ்சள் வெட்டி, வேகவைத்து, களத்தில் காய்கிறது. உன் சித்தப்பன் திருப்பூரிலிருந்து வந்திருந்தான். "அவ்வளவு பெரிய போட்டி நடக்கப் போகிறதே, பனியன் ஆர்டர் ஏதாவது வருமா என்று பிள்ளையிடம் கேளுங்கள்" என்றான். போட்டி 2030-ல்தானப்பா, அதற்குள் உன் பழைய பாக்கியை வசூல் செய் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று போனில் ரிப்போர்ட்டைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். அவசரப்படுத்துகிறார்கள் என்றாய். அதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிட்டாய். பிறகு நான் எப்போது அழைத்தாலும் 'மீட்டிங், அப்புறம் பேசுகிறேன்' என்று ஒரு வரிதான் வருகிறது. வேலை இருக்கும், தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

போன நவம்பர் 26 அன்று கிளாஸ்கோவில் கூடி, 2030 காமன்வெல்த் போட்டியை அகமதாபாத்துக்குக் கொடுத்தார்களே, அந்தப் பேப்பரை வெட்டி வைத்திருக்கிறேன். 1930-ல் கனடாவின் ஹாமில்டனில் முதன்முதலாக நடந்ததாம். இது நூறாவது வருஷம். டீக்கடையில் நான்கு பேருக்காவது காட்டியிருப்பேன். "ஓடுகிறவர்கள் பழகுவதற்கு அங்கே ஒரு அரங்கம் எழும்புகிறது, அதில் என் மகள் இன்ஜினியர்" என்றேன். உன் பெரிய மாமன் மட்டும், "கோயமுத்தூரில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் பெண் பிள்ளை அத்தனை தூரம் போக வேண்டுமா" என்று கேட்டார். அவரிடம் நான் விட்டுக்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அவர் கேட்டதில் தப்பும் இல்லை. பொங்கலுக்கும் வரவில்லை நீ.

இப்போதெல்லாம் ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை என்பதால், இந்தப் போட்டிகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 2010-ல் டெல்லியில் நடந்தது உனக்குத் தெரியாமல் இருக்காது. 2003-லேயே டெல்லிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏழு வருஷம் கையில் இருந்தது. அப்படியும் தொடக்க விழாவுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, செப்டம்பர் 21 அன்று, நேரு ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த நடைமேம்பாலம் விழுந்தது. இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு அடி. அத்தனை பேரும் கூலிக்கு வந்தவர்கள். மறுநாளே பளு தூக்கும் அரங்கில் கூரைத் தட்டியில் ஒரு பகுதி பெயர்ந்து விழுந்தது. கடைசியில் ராணுவத்தார் வந்துதான் அந்த இடத்தில் இரும்புப் பாலம் போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் போட்டியில்தான் நமக்கு 101 பதக்கம், அதில் 38 தங்கம். பதக்கம் வாங்கியவர்களின் பெயர் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாலத்துக்குக் கையெழுத்துப் போட்டவன் எந்த ஊர்ப் பிள்ளையோ, அவன் வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்குமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

நீ படித்தவள். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஆறு மீட்டருக்கு மேல் நீளும் உத்திரத்துக்கு அடியில், கான்கிரீட் இறுகும் வரை தாங்கிப் பிடிக்கும் முட்டு 21 நாள் நிற்க வேண்டும். கான்கிரீட் கட்டியை உடைத்துப் பார்க்கும் சோதனைக்கு ஏழாம் நாள் ரிப்போர்ட்டும் உண்டு, 28-ஆம் நாள் ரிப்போர்ட்டும் உண்டு. ஏழாம் நாள் எண்ணை வைத்துக்கொண்டு, மிச்சம் தானாக வந்துவிடும் என்று சொல்கிறவன் எல்லா சைட்டிலும் ஒருவன் இருப்பான். நல்ல சட்டை போட்டிருப்பான், தமிழிலும் பேசுவான், குஜராத்தியிலும் பேசுவான். கான்கிரீட்டுக்கு நம் தேதி தெரியாது. மந்திரி வருகிறார் என்று சொன்னால் அது சீக்கிரம் இறுகிவிடாது.

எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே.

தேதியைத் தள்ளினால் நாட்டுக்கு அவமானம் என்பார்கள். எந்த நாட்டில் தள்ளவில்லை? 1976-ல் மான்ட்ரியால் ஒலிம்பிக் நடந்தபோது ஸ்டேடியத்துக் கோபுரம் பாதியில் நின்றது. 1987-ல்தான் முடித்தார்கள், கடனை 2006 வரைக்கும் கட்டினார்கள். காமன்வெல்த்திலேயே 2022-க்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்குக் கொடுத்து, அவர்களால் முடியாமல் 2017-ல் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். 2026-க்கு ஏற்றுக்கொண்ட ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக்காரர்கள், செலவு தாங்காது என்று 2023-ல் கையை விரித்துவிட்டார்கள். பணக்கார ஊர்தானே அது? அதனால்தான் இந்த ஜூலையில் கிளாஸ்கோ பத்தே விளையாட்டை வைத்து அடக்கமாக நடத்தப் போகிறது. என்னைக் கேட்டால் அதுதான் கெட்டிக்காரத்தனம். முடியவில்லை என்று சொன்ன ஊர் எதுவும் அழிந்து போய்விடவில்லை.

நம் அவிநாசிப் பக்கத்துப் பையன் தருண் அய்யாசாமி, 2018-ல் ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெள்ளி வாங்கினானே, 48.96 வினாடியில், அன்று நீதான் என்னை உட்கார வைத்துக் காட்டினாய். அப்படிப்பட்ட பிள்ளைகள்தான் உன் கூரைக்குக் கீழே ஓடிப் பழகப் போகிறார்கள். அதை எண்ணும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது.

சத்தி ரோட்டு மண்டபம் உனக்கு நினைவிருக்கும். முகூர்த்தத்துக்கு நாள் குறித்துவிட்டேன், முட்டுகளைப் பிரித்துவிடு மேஸ்திரி என்றார் அந்த மண்டபத்துக்காரர். மாட்டேன் என்று சொல்லிக் கரண்டியையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சக் கூலி இன்றுவரை வரவில்லை. அந்தத் தீபாவளிக்குத்தான் உனக்குப் புதுத்துணி எடுக்கவில்லை. அதற்காக நீ என்னோடு பேசாமல் முறைத்துக்கொண்டு திரிந்தாய். காரணத்தை அப்போது உன்னிடம் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உன் அப்பாரு பவானிசாகரில் மண் சுமந்த கதையை மறுபடியும் ஆரம்பிக்கவில்லை, பயப்படாதே.

இன்னொன்று. கம்பி கட்டுகிறவர்களுக்கும் சித்தாட்களுக்கும் கூலி முழுதாகக் கைக்குப் போகிறதா என்று பார். 1982-ல் டெல்லியில் நடந்த ஆசியாட் (ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டட வேலையில், 9 ரூபாய் 25 காசு தினக்கூலியில் ஆளுக்கு ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமாதார் எடுத்துக்கொண்டான். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்து வேலை வாங்கினால் அது கட்டாய வேலைதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நான் சித்தாளாக இருந்த காலம் அது. கூலியில் கை வைப்பவன் சிமெண்டிலும் வைப்பான்.

வேளைக்குச் சாப்பிடு. அங்கே பருப்பிலும் சர்க்கரை போடுகிறார்கள் என்றாயே, கொள்ளும் அரிசிம்பருப்புக்கு வேண்டிய சாமானும் அம்மா கட்டி வைத்திருக்கிறாள். வேலையை விட்டுவிட்டு வரும்படி ஆனால் வந்துவிடு. வீட்டுக் கடனைப் பற்றி நினைக்காதே. மஞ்சளைப் போட்டு இந்த வருஷத் தவணையைக் கட்டிவிடலாம். கையெழுத்து மட்டும் அவசரத்தில் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் அதையும் சொல், திட்ட மாட்டேன். மேலே எழுதிக் கொடுப்பதற்கு வழி இருக்கும்.

பங்குனியில் பண்ணாரிக் குண்டத்துக்கு நீ வராவிட்டால் நானே கிளம்பி வருகிறேன். கோயமுத்தூரிலிருந்து ராஜ்கோட் போகும் ரயில் அகமதாபாத் வழியாகத்தான் போகிறதாம். வந்தால் என்னை சைட்டுக்குள் விடுவார்களா என்று கேட்டு எழுது. தலைக்கவசம் என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது. அவளிடம் பேசும்போது ரிப்போர்ட், முட்டு என்று வாயைத் திறக்காதே. சாமான் வந்து சேர்ந்ததா என்று மட்டும் சொல்.