கஞ்சா வழக்குகளும் 39-ஆம் பிரிவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கஞ்சா வழக்குகளில் கைதாகும் மாணவர்களைப் பற்றிய தங்கள் தலையங்கம், தண்டனையைக் கடுமையாக்குவதே வழி என்று முடிந்திருந்தது. விற்பவர்களைப் பொறுத்தவரை எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால், பழக்கத்துக்கு அடிமையாகிப் பிடிபடுகிறவர்களைப் பற்றி, நன்னடத்தை அலுவலராக, அதாவது நீதிமன்றம் நிபந்தனையோடு வெளியே விடுகிறவர்களைக் கண்காணித்து வழிநடத்துபவராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கையில் இரண்டு பொட்டலத்தோடு பிடிபட்ட பையனின் வழக்கு எப்படி முடிகிறது என்பதை எந்த மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் பார்க்கலாம். "ஒத்துக்கிட்டா அபராதத்தோட போயிடும்" என்று வழக்கறிஞர் சொல்கிறார். பெயரைக் கூப்பிட்டதும் பையன் கூண்டில் ஏறி, ஒரே வார்த்தையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு இறங்குகிறான். தண்டலுக்கு வாங்கி வந்த பணத்தைத் தாய் எண்ணிக் கட்டுகிறார். எப்போதிலிருந்து இந்தப் பழக்கம், படிப்பை ஏன் விட்டான், இரவில் தூங்குகிறானா என்று ஒருவரும் கேட்பதில்லை. நீதிபதியைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய பட்டியலில் இருக்கும் அத்தனை வழக்குகளுக்கு நடுவே அவர் கேட்டாலும், பதிலை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்க அந்தக் கட்டடத்தில் ஆள் கிடையாது. சில மாதங்களில் அதே பையன், இம்முறை செல்போன் பறிப்பு வழக்கில், அதே கூண்டில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 39-ஆம் பிரிவு இருக்கிறது. போதைப்பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி எனத் தீர்மானிக்கப்பட்டவர் அதற்கு அடிமையானவராக இருந்தால், அவருக்கு உடனே தண்டனை விதிக்காமல், அவருடைய சம்மதத்தோடு, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெறுவதற்காகப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றம் விடுவிக்கலாம். ஓராண்டுக்குள் சிகிச்சையின் பலன் குறித்த அறிக்கையோடு அவர் திரும்பி வர வேண்டும். தாமாகவே முன்வந்து சிகிச்சையை முழுமையாக முடிப்பவருக்கு வழக்கிலிருந்தே விலக்கு அளிக்கிறது 64-ஏ பிரிவு. என் பணிக்காலத்தில் இந்த இரண்டையும் பயன்படுத்திய உத்தரவுகளைக் காண்பது அரிதாகவே இருந்தது.

அமெரிக்காவின் மியாமி நகரில், கொக்கெயின் வழக்குகளால் சிறைகள் நிரம்பி வழிந்தபோது, 1989-இல் போதைப்பொருள் வழக்குகளுக்கெனத் தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். சிகிச்சைக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடாமல், அதே நபரை அதே நீதிபதி திரும்பத் திரும்ப வரவழைத்து, பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு நேருக்கு நேர் பேசினார். நியூயார்க்கின் ரெட் ஹுக் பகுதியில் 1992-ஆம் ஆண்டு, பள்ளியைவிட்டு அழுதுகொண்டே வெளியேறிய மாணவனைத் தேடிப் போன தலைமையாசிரியர் பாட்ரிக் டேலி, போதைக் கும்பல்களின் துப்பாக்கிச் சண்டையில் சிக்கி உயிரிழந்தார். அந்தத் துயரத்துக்குப் பின் 2000-இல் அங்கே ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் சமுதாய நீதி மையம் என்ற பெயரில் ஒரு நீதிமன்றம் திறக்கப்பட்டது. குற்ற வழக்கு, வீட்டு வாடகைத் தகராறு, குடும்ப வழக்கு எல்லாவற்றையும் ஒரே நீதிபதி விசாரிக்கிறார். ஆற்றுப்படுத்துநர்களும் (கவுன்சலர்கள்) சமூகப் பணியாளர்களும் அதே கட்டடத்தில் இருக்கிறார்கள். வழக்கமான நீதிமன்றத்துக்குப் போனவர்களைவிட இங்கே வந்த பெரியவர்கள் மீண்டும் குற்றம் செய்யும் வாய்ப்பு 10 சதவீதமும், சிறார் விஷயத்தில் 20 சதவீதமும் குறைவு என்று 2013-இல் வெளியான மதிப்பீடு கூறியது. நீதிபதி தங்களை மரியாதையோடு நடத்தினார், சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்டார் என்ற எண்ணம் வந்தவர்களிடம் ஏற்பட்டதே இதற்கு முக்கியக் காரணம் என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு.

நம் நீதிமன்றங்கள் வாய்தா கொடுப்பதில் யாருக்கும் சளைத்தவை அல்ல. அந்த வாய்தாவன்று கூப்பிட்டதும் கையைத் தூக்கிவிட்டுப் போவதற்குப் பதிலாக, இரண்டு வாரங்களில் எத்தனை நாள் ஆலோசனைக்குப் போனாய் என்று நீதிபதி கேட்கவும், அதற்கான அறிக்கையோடு நன்னடத்தை அலுவலர் பக்கத்தில் நிற்கவும் வேண்டும் என்பதே என் கோரிக்கை.

அமெரிக்க முறையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே பல நீதிமன்றங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சை. சிகிச்சையில் தவறினால், நேரடியாகத் தண்டனை பெற்றிருந்தால் இருந்திருக்க வேண்டியதைவிட நீண்ட காலம் சிறையில் கழிக்க நேர்வதும் உண்டு. போதையை விடுகிறவர்கள் இடையில் ஓரிரு முறை சறுக்குவது இயல்பு என்பது மருத்துவர்கள் அறிந்தது. அதற்காகப் பிணையை ரத்து செய்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தாம் முதலில் உள்ளே போவார்கள்.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், ரூ.5,000-க்கும் குறைவான மதிப்புள்ள முதல் திருட்டு, பொது இடத்தில் குடித்துவிட்டுச் செய்யும் ரகளை உள்ளிட்ட சில குற்றங்களுக்குச் சமுதாய சேவை தண்டனையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. வரவேற்க வேண்டிய மாற்றம். எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வையில் என்பதைச் சட்டம் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் இல்லாத சேவை, வருகைப் பதிவேட்டில் ஒரு கையெழுத்தோடு முடிந்துவிடும்.

எனவே, உயர் நீதிமன்றமும் மாநில அரசும் கலந்துபேசி, சென்னையிலோ மதுரையிலோ ஒரேயொரு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை இதற்கென ஒதுக்கிப் பார்க்கலாம். அங்கே முழுநேர நன்னடத்தை அலுவலர் ஒருவர், ஆற்றுப்படுத்துநர் ஒருவர், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவோடு எழுத்துபூர்வமான ஏற்பாடு, குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றப்படாத நீதிபதி ஆகியவை வேண்டும். அங்கு வந்தவர்களில் எத்தனை பேர் மீண்டும் வழக்கில் சிக்கினார்கள் என்ற கணக்கையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தங்கள் இதழ் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டுசெல்லும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நன்னடத்தை அலுவலர்,
சேலம்.