லியோன் நகர விருந்து: மதிய வேளைக்கு மாற்றியது ஏன்?

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் பிரான்சுப் பயணத்திட்டத்தில் லியோன் நகரின் உயர்தர உணவகம் ஒன்றில் இதுவரை இரவு விருந்தாக இருந்ததை, வரும் பருவத்திலிருந்து மதிய விருந்தாக மாற்றியிருக்கிறோம். உங்கள் உணவுக் கட்டுப்பாடுகளையும் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுத்தில் கேட்கிறோம். இவ்விரண்டுக்கும் பலர் விளக்கம் கேட்டதால் இந்த மடலை எழுதுகிறோம்.

மாற்றத்துக்கு முதற்காரணம் பணம்தான், அதை மறைப்பானேன்? பிரான்சில் ‘மெனு’ என்றால் உணவுப் பட்டியல் அன்று, விலை நிர்ணயிக்கப்பட்ட முழுச் சாப்பாடு. பட்டியலுக்கு ‘கார்த்’ என்று பெயர். உயர்தர உணவகங்கள் பலவற்றில் வேலைநாள் மதியங்களில் மட்டும் சுருக்கமான ‘மெனு’ ஒன்று இரவு விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். சமைப்பவர்கள் அதே ஆட்கள், அடுப்பும் அதே அடுப்பு. மேலும், ஏழரை மணிக்குத் தொடங்கி மூன்று மணிநேரம் நீளும் இரவு விருந்தில் எங்கள் மூத்த பயணிகள் சிலர் மூன்றாவது தட்டு வருவதற்குள் கண்ணயர்ந்துவிடுவதையும் பார்த்திருக்கிறோம். வார இறுதியை ஒட்டிப் பல உணவகங்கள் மூடியிருப்பதால், லியோன் நாள்களை வாரத்தின் நடுப்பகுதிக்கு நகர்த்தியிருக்கிறோம்.

பாரிஸ் இருக்க லியோன் எதற்கு என்று கேட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்நகரின் உணவுப் புகழைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர்கள், செல்வர் வீடுகளில் சமையல் வேலை பார்த்துப் பின்னர் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை திறந்த பெண்கள். ஊரார் அவர்களை ‘மேர்’, அதாவது அம்மா என்றே அழைத்தார்கள். அவர்களுள் ஒருவரான யூஜெனி பிராசியே 1921இல் ருவாயால் தெருவில் உணவகம் திறந்தார். 1933இல் அதற்கும், நகருக்கு வெளியே மலையில் அவர் நடத்திய மற்றொன்றுக்கும் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிஷெலின் கையேடு அதன் உச்ச மதிப்பான மூன்று நட்சத்திரத்தைத் தலா வழங்கியது. ஒருவரே ஆறு நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. பிரெஸ் வட்டாரக் கோழியின் தோலுக்கடியில் கறுப்பு டிரஃபிள் காளானின் சீவல்களைச் செருகிச் சமைக்கும் ‘அரைத் துக்கம்’ என்னும் பண்டம் அவர் கையால் பெயர் பெற்றது. அவரிடம் வேலை பழகிய, பின்னாளில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் போல் போக்கூஸ், சோன் ஆற்றங்கரையிலுள்ள கொலோஞ்ச் என்ற ஊரில் தம் உணவகத்துக்கு 1965இல் பெற்ற மூன்று நட்சத்திரங்கள், அவர் 2018இல் மறைந்த பிறகும் 2020 வரை நிலைத்தன.

இனி, சைவ உணவு. சென்ற ஆண்டு ஒரு குடும்பத்துக்காக ‘மாமிசம் வேண்டாம்’ என்று மட்டும் எழுதி அனுப்பினோம். மேசைக்கு வந்தது கெனெல். பார்வைக்குக் கொழுக்கட்டை, உள்ளே ஆற்று மீன். பிரெஞ்சில் மாமிசத்துக்குரிய சொல் பொதுவாக மீனைக் குறிப்பதில்லை என்பதை எண்ணிப் பார்க்காதது எங்கள் பிழையே. அன்றி, காய்கறி சூப்புக்கும் எலும்புச் சாறு சேரலாம், இனிப்பில் விலங்கின் எலும்பு, தோலிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம், பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைத்திருக்கலாம். ஆகவேதான் புதிய படிவத்தில் மீன், முட்டை, எலும்புச் சாறு, ஜெலட்டின், மது சேர்த்த குழம்பு ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்கிறோம். முன்னரே அறிவித்தால் நல்ல சமையற்கூடம் சைவர்களுக்கென்றே தட்டுகளை யோசித்து வைக்கும். அமர்ந்த பிறகு சொன்னால், மற்றவர் தட்டிலிருந்து கறியை நீக்கிய மிச்சமே கிடைக்கக்கூடும். அதே சமயம், பெயரைக் கண்டு மிரளவும் வேண்டாம். ‘நெசவாளியின் மூளை’ என்று பொருள்படும் ‘செர்வெல் து கானூ’, இந்தப் பட்டு நகரத்துக்கே உரிய, பூண்டும் தழைகளும் கலந்த மென்மையான பாலாடைக்கட்டிதான்; அந்த நொதி உங்களுக்குத் தடையில்லை என்றால் தாராளமாக உண்ணலாம்.

மேசை பதிவுசெய்யும்போது பல உணவகங்கள் கடன் அட்டை விவரம் கேட்கின்றன. கடைசி நேரத்தில் வராதவர்களுக்கான தொகையைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. விருந்துக்கு 72 மணிநேரம் முன்பு வரை எங்களிடம் ரத்து செய்பவர்களிடம் நாங்கள் எதுவும் பிடிப்பதில்லை. அதன் பின்னர் உணவகம் பிடிக்கும் தொகையை மட்டும் பயணக் கணக்கில் சேர்ப்போம். சேவைக் கட்டணம் அங்கு விலையிலேயே அடங்கியிருப்பதால் தனியாக இனாம் தரவேண்டிய கட்டாயமில்லை. குழாய்த் தண்ணீரைக் குவளையில் கேட்டால் காசில்லாமல் தருவார்கள். ‘தண்ணீர்’ என்று மட்டும் சொன்னால் புட்டித் தண்ணீர் வந்து பில்லில் ஏறிவிடக்கூடும்.

படிவம் இம்மடலுடன் இணைக்கப்பட்டுள்ளது. குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனிப் படிவமாக நிரப்பி அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டுப் பிரிவினர்